இரண்டு பள்ளிகள் இழந்த ஆசிரியர்

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்த நான், ஜெர்மனியில் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது வாளியும் தும்புத்தடியுமாகத்தான். எண்பத்துநான்காம் ஆண்டின் கடைசியில் கணவரோடும் பத்து வயது மகளோடும் வந்து சேர்ந்திருந்தேன். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் சின்ன நகரம் அது. மூடிக்கிடந்த பழைய விடுதி ஒன்றை அகதிகளுக்கான ஹைம் ஆக்கி எங்களை அங்கே விட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஆனால் நகரசபை சொல்லுகிற பொதுவேலையைச் செய்ய வேண்டும். கணவருக்குப் பூங்காவில் சருகு கூட்டுகிற வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் நடைபாதை துடைக்கிற வேலை.

அங்கே ஐம்பது ஆசிரியர்கள்வரை இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஒரேயொருவர். கானாவிலிருந்து படிக்க வந்து, ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் கணிதமும் முடித்து, ஒரு ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கியவர். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு மேசையெல்லாம் அதைத் தேடுவார்.

முதல் நாள் ஹைமுக்குத் திரும்பியதும் கணவரிடம் சொன்னேன்: "பள்ளிக்கூடத்திலை ஒரு காப்பிலி வாத்தியார் இருக்கிறார்."

அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். கறுப்பினத்தவரை ஊரில் எல்லோரும் சொல்லிப் பழகிய சொல். அது ஒரு மனிதரை எப்படிக் குத்தும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே தெருவில் எங்களை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டபோது மட்டும் நெஞ்சு எரிந்தது. இதை எழுதாமல் விட்டால் நடந்ததில் பாதியை மறைத்தவளாகிவிடுவேன்.

ஒரு பிற்பகல் பௌதிக அறையின் கரும்பலகையைத் துடைக்கப் போனேன். யாரோ ஒரு மாணவர் பாதியில் விட்டுப்போன கணக்கு அதில் இருந்தது. மூன்றாவது வரியில் குறி பிழை. துடைக்க மனம் வரவில்லை. கூட்டல் குறியின் நிமிர்ந்த கோட்டை விரலால் அழித்துக் கழித்தல் ஆக்கினேன்.

"எங்கே படிப்பித்தீர்கள்?" என்று பின்னாலிருந்து ஆங்கிலத்தில் குரல் கேட்டது. அவர்தான். எதுவரை படித்தீர்கள் என்று கேட்கவில்லை, எங்கே படிப்பித்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் வெண்கட்டியை நீட்டி, "அப்படியானால் மீதியையும் முடியுங்கள்" என்றார். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினேன். நாலு வரிக் கணக்கு. முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல நின்றார்.

அதன்பிறகு என்னைக் கண்டால் "கொலேகின்" என்றுதான் அழைப்பார். சக ஆசிரியை என்று அர்த்தம். அந்த நாட்டில் என்னை அப்படி அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த என் மகளும் அவரிடம்தான் படித்தாள். ஜெர்மன் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. அதை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பௌதிகம் படித்தவருக்குப் பௌதிக வகுப்பு ஒன்றுகூட இல்லை. ஒழிந்த நேரத்தில் பௌதிக அறையைத் திறந்து கருவிகளைத் துடைத்து வைப்பார். ஊசலைத் தொங்கவிட்டு ஆடவிட்டு, "எண்ணுங்கள், கொலேகின்" என்பார். நான் எண்ணுவேன். அவர் வரைபுத்தாளில் புள்ளி போடுவார். பார்க்க மாணவர் யாரும் இல்லாத பரிசோதனை.

தலைமையாசிரியர் கெட்ட மனிதர் அல்ல. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். துடைக்கிற எனக்கும் கை கொடுத்து வணக்கம் சொன்னவர். கானாக்காரரைக் கண்டால் தோளில் தட்டி, "எங்கள் பள்ளியின் சூரியன்!" என்பார். அன்பாகத்தான் சொன்னார்.

ஆனால் துருக்கிப் பிள்ளையும் மொரோக்கோப் பிள்ளையும் அடிபட்டால், எந்த வகுப்பாக இருந்தாலும் இவருக்குத்தான் ஆள் அனுப்புவார். "உங்கள் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள், கொஞ்சம் பாருங்கள்." இவர் தன் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடுவார். ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று என்னிடம் சொன்னார்: "நான் இங்கே ஆசிரியர் அல்ல. தீயணைப்புக்காரன்."

கோடைவிழாவுக்கு அவரை மேளம் அடிக்கச் சொன்னார்கள். தனக்கு மேளம் அடிக்கத் தெரியாது, சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியதுதான், அதுவும் மோசமாக என்று சொல்லிப் பார்த்தார். தலைமையாசிரியர் சிரித்தார். சங்கீத அறையிலிருந்து மேளம் வந்தது. பூப்போட்ட சட்டை ஒன்றும் யாரோ கொண்டுவந்தார்கள். பள்ளி முற்றத்தில், சொசேஜ் சுடுகிற புகைக்கு நடுவில், பல்கலைக்கழகத்தில் பௌதிகம் முடித்த அந்த மனிதர் தாளம் தெரியாமல் மேளம் தட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறையைத் துடைக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

ஒவ்வொரு கோடையிலும் விடுமுறைக்கு முதல் நாள் அவருடைய ஒப்பந்தம் முடியும். விடுமுறைக்குப் பிறகு புதிதாக ஒரு வருட ஒப்பந்தம். நிரந்தரம் எப்போது என்று கேட்டால், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார் தலைமையாசிரியர். நான் வருவதற்கு முந்தியே தொடங்கி, அப்படி ஐந்து வருடம் போயிருந்தது.

ஆறாவது வருடம், பௌதிக ஆசிரியர் ஒருவர் நோயில் விழ, எட்டாம் வகுப்புப் பௌதிகம் இவருக்குக் கிடைத்தது. அந்த வாரம் அவர் நடந்த நடையே வேறு. காலையில் எனக்கு முந்தி வந்து பௌதிக அறையைத் திறந்து வைத்திருப்பார். பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்துகிற சத்தமும் நடைபாதைவரை கேட்கும். நான் அந்த அறைக்கு வெளியே தேவைக்கு அதிகமாகத் துடைத்தேன்.

அது இரண்டு மாதம்தான்.

பெற்றோர் குழுவில் இருந்த ஒரு தகப்பன் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நான் வெளியே கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எனக்கு ஜெர்மன் ஓரளவு விளங்கும்.

"என் மகளுக்கு அவர் பேசுவது விளங்கவில்லையாம்" என்றார் தகப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் ஒரு தகப்பன்தானே. அப்படிப்பட்ட ஒருவரிடம் உங்கள் மகளை அனுப்புவீர்களா?" என்றார்.

நான் துணியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். தலைமையாசிரியர் சொன்னார்: "உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. இது தற்காலிக ஏற்பாடுதான். அவர் கோடைவரைதான் இருப்பார்."

அடுத்த திங்கட்கிழமை நேரசூசி மாறியது. எட்டாம் வகுப்பு வேறொருவருக்குப் போனது. தலைமையாசிரியர் இவரைக் கூப்பிட்டு, முறைப்பாடு எதுவும் இல்லை, நேரசூசியில் ஒரு சிக்கல் என்றாராம். "இது உங்கள் நன்மைக்காகத்தான். உங்களுக்குச் சுமை குறையும்" என்று சொல்லித் தோளிலும் தட்டினாராம்.

பௌதிக அறையில் கருவிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே கேட்டதெல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கல்வி அலுவலகத்தில் எனக்கு வியாழக்கிழமை ஒரு டெர்மின் இருக்கிறது. நிரந்தர நியமனத்தைப் பற்றிக் கேட்க எடுத்த நேரம். இதை அங்கே வந்து சொல்வீர்களா?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்" என்றேன்.

ஹைமில் எங்களுக்கு ஒரே அறை. மகள் கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் செய்தாள். கணவர் கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் ஒருவேளை போயிருப்பேன்.

"நீர் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா எங்கடை அகதி அன்ட்ராக்குக்கு இன்னும் முடிவு வரேல்லை. கந்தோருக்குப் போய் ஒரு தலைமையாசிரியருக்கு எதிராச் சாட்சி சொன்னா எங்கடை ஃபைலிலை என்ன எழுதுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அவர் எங்கடை பிள்ளைக்குப் படிப்பிக்கிறவர்."

"ஓம். அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினா எங்கை கொண்டுபோய் விடுவீர்?"

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். ஊரில் அப்போது நடந்த சண்டையெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அவர் என்னைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு வந்தார். நான் மூன்றாம் மாடிக்குப் போய், துடைத்த தரையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலால் பார்த்தேன். வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். பிறகு தனியே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் வாயைத் திறக்க விடவில்லை. "பயப்படாதீர்கள். யார் சொன்னது என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை" என்றார். சாட்சி இல்லை என்று அவர்கள் அதை எழுதிக்கொள்ளவும் இல்லையாம். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

கோடையில் தலைமையாசிரியர் புது ஒப்பந்தத்தை நீட்டினார். இந்த முறை கானாக்காரர் கையெழுத்துப் போடவில்லை. கடைசி நாள் ஆசிரியர் அறையில் பூங்கொத்துக் கொடுத்தார்கள். பள்ளியின் நிறமே குறைந்துபோகிறது என்று தலைமையாசிரியர் உரை ஆற்றினார். சொல்லும்போது தலைமையாசிரியரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பொய்க் கண்ணீர் இல்லை. ஏன் போகிறீர்கள், என்ன செய்தால் இருப்பீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கடைசிவரை அந்த அறையில் நின்று கோப்பைகளைக் கழுவியது நான்தான்.

"சேர் ஏனம்மா போறார்?" என்று மகள் அழுதாள்.

"அவருக்கு வேறை இடத்திலை நல்ல வேலை கிடைச்சிட்டுதாம்" என்றேன்.

எங்களுக்கு அகதி அங்கீகாரம் கிடைத்தது எண்பத்தெட்டில். பிராங்பேர்ட்டுக்கு வந்தோம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, தேவாலய மண்டபம் ஒன்றை இரவல் வாங்கி, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் படிப்பித்தவள் என்பதால் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். முப்பது பிள்ளைகள். தமிழோடு கணிதமும் ஜெர்மனும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைக் கீழ்ப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். கணிதம் என்னால் ஏலும். ஜெர்மனில் விளங்கப்படுத்த ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் எஸ்-பானில் அவரைக் கண்டேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள் போடும் நீல உடுப்பு. நெற்றிக்கு மேலே கண்ணாடி. நான் ஒளிக்க நினைத்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"கொலேகின்! மகள் கணிதத்தில் எப்படி?"

வேறெதுவும் கேட்கவில்லை. பல இடத்துக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். நான் வகுப்பைப் பற்றிச் சொல்லி, வருவீர்களா என்று கேட்டேன். இரண்டு நிலையம் தாண்டும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெண்கட்டி இருக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நாலு சனிக்கிழமை வந்தார். நாலு முறையும் சப்பாத்தைத் துடைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். பதினாலு வயதான என் மகள் வாசலில் நின்று அவரைக் கூட்டிவருவாள். தமிழில் பத்துவரை எண்ணப் பழகிக்கொண்டு, பிழையாக எண்ணிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்.

நாலாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சில பெற்றோர் நின்றார்கள். அவர்களில் மூத்தவரான ஒரு அண்ணை பேசினார். மண்டபத்தை ஒழுங்கு செய்து தந்தவரும் அவர்தான்.

"டீச்சர், குறை நினையாதேங்கோ. எங்களுக்கு அந்த ஆளிலை ஒரு கோபமும் இல்லை. ஆனா பொம்பிளைப்பிள்ளையள் படிக்கிற இடம். ஒரு காப்பிலியைக் கொண்டுவந்து விட்டா சனம் என்ன சொல்லும்?"

"நல்லாப் படிப்பிக்கிறார், அண்ணை."

"ஆர் இல்லையெண்டது? எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ எண்டுதான் கேக்கிறம். நாலைஞ்சு பேர் பிள்ளையளை நிப்பாட்டப் போகினமாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு கதவுக்கு வெளியே துணியோடு நின்று, ஒருவர் சொல்லவேண்டியதைச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தவள் நான். ஆனால் வகுப்பு உடைந்துவிடும், மண்டபம் போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது. "பாப்பம், அண்ணை" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றேன். பெற்றோர் என்று சொல்லவில்லை. பாடங்களை மாற்றி அமைக்கிறோம் என்றேன். "நீங்கள் கிழமை முழுக்கப் பாரம் தூக்குகிறீர்கள். ஓய்வு வேண்டாமா? உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

வாயால் வந்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. அவருக்கு முதலே உறைத்திருக்க வேண்டும். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, கொலேகின்" என்றார். பையிலிருந்து பிள்ளைகளின் திருத்திய கொப்பிகளை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனார்.

மகளிடம் இந்த முறை பொய் சொல்ல முடியவில்லை. அவள் எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, பழைய பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாம் மாடியையும் சொன்னேன். அவள் என்னோடு பல நாள் கதைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்து குசினியைக் காட்டினார். அவர் மேசையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சீவுவதை நிறுத்தவில்லை.

"தலைமையாசிரியருக்கு என்னில் அன்பு இருந்தது. உண்மையான அன்பு. ஆறு வருடம் ஒவ்வொரு காலையும் கை கொடுத்தார். எந்த வகுப்பு எடுக்க விருப்பம் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அந்தத் தகப்பன் வந்த அன்றைக்கு, 'இவர்தான் எங்கள் பௌதிக ஆசிரியர், உங்கள் மகள் இவரிடம்தான் படிப்பாள்' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவரால் மட்டும்தான் முடியும். துடைக்க வந்த உங்களால் முடியாது. அதனால்தான் அந்த வியாழக்கிழமைக்காக உங்களில் எனக்குக் கோபமே வரவில்லை."

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"ஆனால் சனிக்கிழமை வகுப்புக்குப் பொறுப்பு நீங்கள்."

பெற்றோரிடம் கதைத்தால் திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். "முதலில் கதையுங்கள். நான் வருவதற்காகக் கதைக்காதீர்கள்" என்றார்.

கதைத்தேன். எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டு, அவர் எங்கள் ஆசிரியர், விருப்பமில்லாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்றேன். அந்த அண்ணை எழும்பி வெளியே போனார். ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மண்டபம் போகவில்லை. வகுப்பு உடையவில்லை. நான் பயந்ததெல்லாம் ஏழு பிள்ளைகள்தான், அவர்களிலும் மூன்று பேர் பிறகு திரும்பி வந்தார்கள்.

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவருக்கு எடுத்தேன். மனைவிதான் பேசினார். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே அவரிடம் கேட்பது மங்கலாகக் கேட்டது. "அவர் நன்றி சொல்லச் சொன்னார். வரமாட்டாராம்" என்றார். சில மாதம் கழித்து அவர்கள் இங்கிலாந்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே பௌதிகம் படிப்பிக்கிறாரா, இல்லை அங்கேயும் பாரம் தூக்குகிறாரா என்று தெரியாது. விசாரித்திருக்கலாம். எந்த முகத்தோடு விசாரிப்பது?

தொலைபேசியில் பேசிய அந்த வாரச் சனிக்கிழமை அவருடைய வகுப்பை நானே எடுத்தேன். பிள்ளைகள் கொப்பியைத் திறக்கவில்லை.

"சேர் எப்ப வருவார், டீச்சர்?" என்று முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப்பெண் கேட்டாள்.

"வரமாட்டார். நான்தான் வரவேண்டாம் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன பிழை விட்டவர்?"

"அவர் ஒரு பிழையும் விடேல்லை."

நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.